தோள் வலிக்குக் கால் வைத்தியம்

மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போய்விட்டது. அவள் சொந்தமாக ஒரு அழகு நிலையம் வைத்திருந்தாள். நாள் முழுக்கக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் அந்தத் தொழில். முதலில் முடி உலர்த்தும் கருவி கனத்தது. பிறகு சீப்பே கனத்தது. கடைசியில், ஊரார் தலையெல்லாம் வாரிவிடுகிறவள் தன் தலையை வாரிக்கொள்ள முடியாமல் கணவனிடம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் வாரிவிட்ட லட்சணத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இப்படியே கடைக்குப் போனா வர்ற ஆளும் திரும்பிப் போயிடும்" என்றாள்.

தோள் மூட்டு இறுகிவிட்டது என்றார் மருத்துவர். சிலருக்கு அப்படி வரும், மாதக்கணக்கில் இழுக்கும், மெல்ல மெல்லத் தானாகவே விடும். அதுவரைக்கும் பயிற்சியும் வலி மாத்திரையும்தான். மாத்திரைக்கு அந்த வீட்டில் பஞ்சமா? கணவர் கடையிலிருந்து பை நிறையக் கொண்டுவந்தார். தடவுவதற்கு ஒன்று, ஒட்டுவதற்கு ஒன்று, சூடு வைக்க ஒன்று. காலையில் எழுந்ததும் கேட்பார், "எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை?" மத்தியானம் போன் பண்ணிக் கேட்பார். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார். அவருக்கு அன்பு என்றால் விசாரிப்பதுதான். தெருவில் பாதிப் பேருடைய இருமலும் மூட்டு வலியும் தூக்கமின்மையும் அவர் விசாரிப்பில்தான் இருந்தன. தன் கடை மருந்தெல்லாம் தன் வீட்டு வலியிடம் தோற்றுப்போனது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

ஒருநாள் அவள், தன் வாடிக்கையாளர் ஒருத்தி சொன்ன இடத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

"பாதத்துல அழுத்தி விடறாராம். உடம்புல இருக்கற ஒவ்வொரு பாகத்துக்கும் பாதத்துல ஒரு இடம் இருக்காம்."

"உனக்கு வலிக்கறது தோள்ல."

"ஆமா."

"அவர் பிடிக்கப்போறது காலை."

"ஆமா."

"அப்ப கால் வலிச்சா எதைப் பிடிப்பாராம்?"

"போயிட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

அவர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் 'அழுத்தி விடறாராம்' என்ற சொல்லில் இருந்த 'ஆர்' காதில் விழுந்தது. "ஆம்பளையா?" என்று கேட்க வாயெடுத்தார். அவள் அதற்குள் குளியலறைக்குப் போய்விட்டாள்.

போய்விட்டு வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ போலிருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தையின் முகம்போல, கொஞ்சம் வீங்கி, கொஞ்சம் மழுங்கி இருந்தது. சமையலறையில் ஏதோ ஒரு மெட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே தட்டுகளை எடுத்து வைத்தாள். கல்யாணமான புதிதில் அவள் அப்படி முனகுவது உண்டு. எப்போது நின்றது என்று அவருக்கு ஞாபகமில்லை. நின்றதை அவர் கவனித்ததே இப்போது அது திரும்பி வந்தபோதுதான்.

"எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை?"

"எண்ணலை" என்றாள்.

கை அன்றும் தோளுக்கு மேல் எழவில்லை. அதை அவர் கண்ணால் பார்த்தார், உள்ளூர ஒரு திருப்தியோடு. ஆனால் அவள் அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். புதன்கிழமை மத்தியானம் அழகு நிலையத்தைச் சாத்திவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. புதன்கிழமை இரவுகளில் அவள் அசையாமல் தூங்கினாள். பக்கத்தில் அவர் விழித்துக் கிடந்தார். தன் மனைவியின் பாதத்தை ஒருவன் கையில் ஏந்தி வைத்திருக்கிறான் என்ற நினைப்பு வரும். இத்தனை வருஷத்தில் தான் அந்தப் பாதத்தைப் பிடித்ததே இல்லையே என்ற நினைப்பு அதன் பின்னாலேயே வரும். முதல் நினைப்பை விட இரண்டாவது அதிகம் எரிந்தது.

வீட்டில் அவர் அந்த மனிதருக்குக் 'கால்காரன்' என்று பெயர் வைத்தார். "இன்னைக்குக் கால்காரன்கிட்டயா?" என்பார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சில நாளில் அவளே "கால்காரர்கிட்ட போயிட்டு வரேன்" என்று மரியாதை சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வசவாக வைத்த பெயர் வீட்டுப் பெயராகிவிட்டது.

அவருடைய அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கிறேன் என்று கடைக்கு வந்து, பார்த்த பிறகும் எழுந்து போகாமல் நாற்காலியிலேயே இருப்பாள். அவளிடம் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"ஆம்பளையா?" என்றாள் அக்கா, கையில் பட்டை சுற்றியிருக்கும்போதே.

"ஆமாக்கா."

"வயசானவரா?"

"தெரியாது."

"கூட யாராவது இருப்பாங்களா, இல்ல தனி அறையா?"

"தெரியாதுக்கா."

"எதுவுமே தெரியாம எப்படிடா இருக்க? ஊர்ல அடுத்தவன் வயித்துப்போக்கு வரைக்கும் கேட்டுத் தெரிஞ்சுக்குவ."

அளவுமானியில் எண் ஏறியது. அக்காவுக்கா தனக்கா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

மறுநாளே நேரில் பார்த்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். தலைவலி என்று சொல்லிப் போனில் நேரம் வாங்கினார். துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர் என்று ஒரு பொய்யும் தயார் செய்துகொண்டார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு ஏறினால் ஒரே ஒரு அறை. சாய்வு நாற்காலி ஒன்று, அதன் எதிரே குட்டை முக்காலி, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாத்திரம், மடித்து அடுக்கிய துண்டுகள். சுவரில் இரண்டு பாதங்களின் பெரிய படம், கட்டம் கட்டமாக நிறம் பூசி, கல்லீரல் இங்கே, கழுத்து இங்கே, தோள் இங்கே என்று. சுண்டுவிரலுக்குக் கீழே தோள். அந்த இடத்தை அவர் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்.

அவர் கற்பனையில் இருந்த கால்காரன் வாட்டசாட்டமானவன், கண்ணால் பேசுகிறவன். நேரில் இருந்தவருக்குத் தொப்பை, வழுக்கை, வாயைத் திறந்தால் மூடத் தெரியாத சுபாவம். இருபது வருஷம் செருப்புக் கடையில் வேலை பார்த்தாராம். கடையை மூடிவிட்டார்கள். காலைத் தவிர வேறெதுவும் தெரியாததால் இந்தப் படிப்பைப் படித்து இதற்கு வந்துவிட்டாராம்.

"முகத்தைப் பார்த்தா எனக்கு ஆளை ஞாபகம் இருக்காது சார். காலைப் பார்த்தா மறக்க மாட்டேன்."

காலைத் தண்ணீரில் வைத்து, துடைத்து, புதினா வாசனையடிக்கும் எண்ணெயைத் தடவிக் கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தார்.

"இங்க வலிக்குதா? இது கழுத்து."

"இல்ல" என்றார் மருந்துக்கடைக்காரர். வலித்தது.

"இங்க? இது வயிறு."

"இல்லவே இல்ல." அங்கே உயிர் போயிற்று.

கழுத்துக்கும் கட்டைவிரலுக்கும் இடையே எந்த நரம்பு ஓடுகிறது என்று கேட்டு மடக்குவதாகத் திட்டம். கேள்வியை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறந்தபோது, வெளியே வெளிச்சம் மாறியிருந்தது. வாயோரம் ஈரம். காலின் மேல் சூடான துண்டு சுற்றியிருந்தது. கால்காரர் முக்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"குறட்டை விட்டேனா?"

"எல்லாரும்தான் விடுவாங்க. வெட்கப்படாதீங்க."

வந்த வேலை ஞாபகம் வந்தது. "தோள் வலிக்குக் கூட வர்றாங்களாமே?" என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"வர்றாங்க. ஒரு அம்மா புதன்கிழமை வருவாங்க. முடி வெட்டற தொழில். கையே தூக்க முடியலன்னு வந்தாங்க."

"பேசுவாங்களா? வீட்டு விஷயம் அது இதுன்னு?" குரல் தானாக ஏறியது. குடிக்கத் தண்ணீர் கேட்டு அதை மறைத்தார். தன்னைப் பற்றி அவள் என்னவெல்லாம் கொட்டியிருப்பாளோ என்பதுதான் அவருடைய பயம். தொண தொண என்று கேள்வி கேட்கிற மனுஷன் என்று சொல்லியிருப்பாள். தலை வாரத் தெரியாதவர் என்று சொல்லியிருப்பாள். அந்த வழுக்கைத் தலையோடு சேர்ந்து சிரித்திருப்பாள்.

"அந்தம்மாவா? ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. என்னை மாதிரி ஆளே அவங்க வந்தா வாயை மூடிக்குவேன்னா பாத்துக்குங்க. வீட்டுல யாரு இருக்காங்க, என்ன ஏதுன்னு ஒண்ணும் தெரியாது. தனியா இருக்கறவங்களோ என்னவோ."

மருந்துக்கடைக்காரர் துண்டை விலக்கிவிட்டுச் செருப்பை மாட்டினார். இடது செருப்பு வலது காலில் ஏறியது. படி இறங்கும்போது கால்கள் பஞ்சுபோல இருந்தன. பல மாதமாகக் குத்திக்கொண்டிருந்த குதிகால் குத்தவில்லை. அதை நினைத்து அவருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த அறையில் அவர் இல்லவே இல்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பையை வைத்தாள். நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். குனிந்து அவர் பாதத்தருகே ஒருமுறை மோந்து பார்த்தாள்.

"எங்க போயிட்டு வந்தீங்க?"

பொய் சொல்ல நேரமில்லை. அதனால் அவரே சண்டையை ஆரம்பித்தார். "என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லையாமே. நீ தனியா இருக்கறவன்னு நினைச்சுக்கிட்டிருக்கான் அந்தக் கால்காரன். எனக்கு எப்படி இருக்கும்?"

"அங்க போறதே எதையும் சொல்லாம இருக்கத்தாங்க."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"காலையில இருந்து வாய் ஓயாம பேசறேன். நாற்காலியில உக்கார்ற ஒவ்வொருத்தரும் அவங்க கதையை என் தலையில கொட்டிட்டுப் போறாங்க. வீட்டுக்கு வந்தா பத்துக்கு எத்தனைன்னு நீங்க கேக்கறீங்க. வலி எனக்கு இருக்குதா, உங்களுக்குப் பதில் சொல்றதுக்கு இருக்குதான்னு சில நாள் எனக்கே தெரியல." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "அங்க அந்த மனுஷன் முகத்தைக்கூட நான் சரியா பாத்ததில்ல. கண்ணை மூடிக்கிட்டுக் கிடப்பேன். அவ்வளவுதான்."

முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்றது அவருக்குக் கொஞ்சம் நிம்மதி தந்தது. அப்போது அவள் கேட்டாள்.

"நீங்க தூங்கினீங்களா?"

"கொஞ்சம்."

"அந்த நாற்காலியிலயா?"

"வேற நாற்காலி இல்லையே அங்க."

அவள் முகம் மாறிப்போனது. வேவு பார்க்கப் போனதற்கு வராத கோபம் இதற்கு வந்தது. "இந்த வீட்டுல பாதிக் கட்டில் உங்களோடது. பாதி அலமாரி உங்களோடது. என் தோள் வலிகூட உங்களோடதா ஆயிடுச்சு. அந்த நாற்காலி ஒண்ணுதாங்க எனக்குன்னு இருந்துச்சு. அங்கயும் போய்ப் படுத்துட்டு வந்திருக்கீங்க." கொஞ்சம் நிறுத்தி, "நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டாள். எரிச்சலோடுதான் கேட்டாள். நன்றாகத் தூங்கினேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் முகத்திலேயே எழுதியிருந்தது.

அடுத்த புதன்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் அழகு நிலையத்திலேயே இருந்தாள். இரவில் புரண்டு புரண்டு படுத்தாள். மருந்துக்கடைக்காரருக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. அதனடியில், சொல்ல வெட்கமான ஒரு வெற்றி உணர்ச்சியும் இருந்தது. இனிமேல் அந்தப் பாதம் யார் கையிலும் இல்லை.

அதைத் தானே பிடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. போனில் படம் பார்த்துப் படித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெந்நீர், துண்டு, எண்ணெய் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவள் முதலில் கூச்சப்பட்டாள், பிறகு சரி என்று காலை நீட்டினாள். குதிகாலில் ஒரு வெடிப்பு, சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் கூடவே நடந்த கால்கள். இப்போதுதான் பார்க்கிறார்.

"அழுத்தம் போதுமா?" என்றார்.

"போதும்."

"வலிக்குதா?"

"இல்ல."

"இங்க? இதுதான் தோளாம். ஏதாவது தெரியுதா? எண்ணெய் சூடு சரியா இருக்கா? பத்துக்கு..."

சட்டென்று நிறுத்தினார். ஆனால் அவள் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்திருந்தாள். கட்டில் குலுங்கச் சிரித்தாள். "உங்களால முடியாதுங்க. விடுங்க" என்று காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள். கோபமாக இழுத்திருந்தால் அவரால் எதிர்த்துப் பேசியிருக்க முடியும். அவள் அவர் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து, கடைசியில் அவரே கண்ணாடிக் கடையின் படியேறினார். இந்தமுறை பொய் இல்லை. "நான்தான் புதன்கிழமை வர்ற அந்தம்மாவோட வீட்டுக்காரர்" என்றார்.

கால்காரர் அவர் செருப்பைப் பார்த்தார். "துணிக்கடை சார்தானே? குதிகால் தேய்ஞ்சிருந்துச்சு."

"ஆமா. மருந்துக்கடை. அன்னைக்குப் பொய் சொன்னேன். என்னாலதான் அவ வர்றதை நிறுத்திட்டா. நீங்க போன் பண்ணிக் கூப்பிட்டீங்கன்னா வருவா. நான் இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்."

கால்காரர் துண்டை மடித்து வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "கூப்பிட்டேனே. போன வாரம் கூப்பிட்டேன். வேற இடத்துக்குப் போறாங்களாம். சௌகரியமா இருக்குதாம்."

"வேற இடமா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எங்கன்னு சொன்னாளா?"

"உங்ககிட்டயே சொல்லலன்னா எங்கிட்ட எதுக்குச் சொல்வாங்க?"

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். கால்காரர் சுவரிலிருந்த பாதப் படத்தைப் பார்த்தபடி, "நான் என்ன சார் குறை வச்சேன்?" என்றார். "அவங்க வர்ற நேரத்துல போனைக்கூட அணைச்சு வச்சிடுவேன். எத்தனை பேர் கேட்டும் அந்த நேரத்தை வேற யாருக்கும் தந்ததில்ல. ஒரு வேளை அங்க இன்னும் அமைதியா இருக்குமோ?"

"ஆம்பளையா பொம்பளையா, தெரியுமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அதான் நானும் யோசிக்கறேன். மூலிகை ஒத்தடமா இருக்குமா? ஊசி குத்தறாங்களே, அதுவா? ஊசின்னா பயம்னு ஒரு தடவை சொன்னாங்களே."

"ஊசின்னா அவளுக்குப் பயமா? அது எனக்கே தெரியாதே." இதற்கும் அவருக்கு வலித்தது.

"ஒரே தடவைதான் பேசினாங்க. அதைச் சொன்னாங்க" என்றார் கால்காரர், ஒரு சின்னப் பெருமையோடு.

பெயர் தெரியாத மூன்றாவது ஆள்மேல் இரண்டு பேரும் சேர்ந்து எரிந்துகொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சாய்வு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. "உக்காருங்களேன், வந்ததுக்குக் காலைப் பிடிச்சு விடறேன்" என்று கால்காரர் சொன்னார். மருந்துக்கடைக்காரர் அந்த நாற்காலியைப் பார்த்தார். குதிகால் மறுபடியும் குத்திக்கொண்டுதான் இருந்தது. "வேண்டாம்" என்று சொல்லி, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். கால்காரர் வரவழைத்த டீயைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவளிடம் கேட்டுவிட அவருக்கு நாக்கு துடித்தது. எங்கே, யார், என்ன செய்கிறார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்களா. சாதத்தோடு சேர்த்து ஒவ்வொரு கேள்வியாக விழுங்கினார். அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தெரிந்துகொண்டாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் அவளும் எதையும் கேட்கவில்லை.

அக்கா விடவில்லை. "புதன்கிழமை காலையில இருந்தே பார்லர் பூட்டிக் கிடக்குது. கால்காரன்கிட்டயும் போறதில்லன்னு சொன்ன. அப்ப எங்கடா போறா?"

"தெரியாதுக்கா."

"கேக்க மாட்டியா?"

"கேட்டா அங்கயும் போறதை நிறுத்திடுவா."

"நிறுத்தினா நிறுத்தட்டுமே."

"அப்புறம் வேற எங்கயாவது போவா. அது இன்னும் தூரமா இருக்கும்."

அக்கா அவரை வினோதமாகப் பார்த்துவிட்டு, தன் கையை நீட்டி, "எனக்கு வேண்டாம், நீ உனக்குப் பாரு முதல்ல" என்று பட்டையை அவர் பக்கம் தள்ளினாள்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் தோள் விட ஆரம்பித்தது. அந்த இடத்தினாலா, மருத்துவர் சொன்னதுபோலத் தானாகவா, தினமும் சுவரோரம் நின்று அவள் செய்த பயிற்சியாலா, யாரால் சொல்ல முடியும்? தன் மாத்திரைக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும் என்று அவர் மனதுக்குள் வாதாடிப் பார்த்தார். ஒருநாள் காலையில் அவள் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தன் தலையைத் தானே அள்ளி முடிந்தாள். அவர் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

கை உயர்ந்தபோது சட்டையின் கழுத்து விலகியது. வலது தோளில், தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே, வட்ட வட்டமாக மூன்று சிவந்த தழும்புகள் இருந்தன. நெற்றிப்பொட்டை விடப் பெரியவை, விளிம்பு மட்டும் கருத்துப் போனவை. கண்ணாடிக் கிண்ணத்தைச் சூடாக்கிக் கவிழ்த்துச் சதையை இழுக்க வைக்கிற சிகிச்சை. அப்படித் தழும்போடு வந்து களிம்பு கேட்டவர்கள் அவர் கடையில் உண்டு. யார் யார் அதைச் செய்கிறார்கள், எந்தத் தெருவில் என்றுகூட அவருக்குத் தெரியும். இரண்டே இடம். ஒன்றில் ஒரு பெண்மணி. இன்னொன்றில் அண்ணனும் தம்பியும்.

அவள் கண்ணாடியில் அவர் பார்ப்பதைப் பார்த்தாள். கையை இறக்கவில்லை. கொண்டையில் ஊசியைச் செருகிக்கொண்டே காத்திருந்தாள்.

"நல்லா வந்திருக்கு" என்றார் அவர்.

"என்னது?"

"கொண்டை."

அவள் சட்டையின் கழுத்தைச் சரிசெய்துகொண்டு பையை எடுத்தாள். புதன்கிழமை. வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் செய்தித்தாளை மடித்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றார். தெருக்கோடிவரை அவளைப் பார்க்கலாம். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் அந்தப் பெண்மணியின் வீடு, வலப்பக்கம் திரும்பினால் அண்ணன் தம்பி. அவள் திருப்பத்துக்குப் பத்தடி இருக்கும்போது அவர் ஜன்னலை விட்டு நகர்ந்து, கடைச் சாவியைத் தேடப் போனார். சாவி கையிலேயேதான் இருந்தது.